பால் காய்ச்சற வரைக்கும்

ஏனுங்க, நீங்க தமிழுங்களா? வண்டி நம்பரு முப்பத்திமூணுன்னு பார்த்தனுங்க. அட, நம்ம ஈரோட்டு வண்டியாச்சேன்னு வந்தேன். உக்காருங்க, உக்காருங்க, எந்திரிக்க வேண்டாம். நான் இப்படிக்கா உக்காந்துக்கறேன். இந்தத் தாவணகெரேக்காரனுக்கு நான் பேசற ஹிந்தியும் புரியல, அவன் பேசற கன்னடம் எனக்கும் புரியல. ஒரு டீ வாங்கறதுக்குள்ள தாவு தீந்து போச்சுங்க.

ஒரு சின்ன ஒத்தாசை வேணுமுங்க. அங்க, கை கழுவற எடத்துக்கிட்ட நிக்கறாங்களே, அது உங்க ஊட்டு அம்மாதானுங்களே? அவங்ககூடப் பேசிட்டு நிக்கறது என்ற சம்சாரம். துளசிமணின்னு பேரு. அவ போனு கேட்டான்னா குடுக்க வேண்டாம்னு உங்க ஊட்டு அம்மாகிட்டச் சித்த சொல்லிப்போடுங்க. சார்ஜு இல்லீன்னு சொல்லலாம், டவரு கெடைக்கலீன்னு சொல்லலாம். என்னத்தையாவது சொல்லச் சொல்லுங்க.

அட, அப்படிப் பார்க்காதீங்க. நான் பொண்டாட்டிய அடைச்சு வெக்கற ஆளு இல்லீங்க. அவளத் திட்டி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளன்னிக்கு வெடியாலவரைக்கும் அவ போன்ல பேசக் கூடாது, அவ்வளவுதான். பாலு காய்ச்சி முடிச்சுட்டா அப்பறம் பொழுதுக்கும் பேசிக்கட்டும், நானே ரீசார்ஜ் பண்ணித் தாறேன்.

நீங்க நம்ம பக்கத்து ஆளு, சாங்கியம் தெரிஞ்சவங்க. அதனால சொல்றேன்.

அகமதாபாத்துல இருந்து வர்றமுங்க. நேத்து வெடியால கெளம்புனது. அங்க ஒரு மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்தேன். கலியாணம் ஆன கையோட போனவங்க, ரிட்டையராகித்தான் திரும்பறோம். பொறந்த ரெண்டு புள்ளைகளும் அந்த ஊர்லதான் படிச்சு, கட்டிக் குடுத்து, ஆளுக்கொரு தெசைக்குப் போயிட்டாங்க. கோபிக்குப் பக்கத்துல ஒரு சைட்டு வாங்கிப் போட்டிருந்தனுங்க. என்ற தம்பி கூடவே நின்னு ஊடு கட்டிக் குடுத்துட்டான். நெம்ப நல்லா வந்திருக்குது. தெக்கால ஒரு பெட்ரூமு, வடக்கால ஒண்ணு. அவளுக்குன்னு சமையக்கட்டுல கறுப்புக் கல்லு போட்டிருக்குது. அவ இன்னும் பாக்கல. போட்டோ காட்டுனேன். ‘எதுத்தாப்பல யாரு ஊடுங்க?’ன்னு கேட்டா. எதுத்தாப்பல கரும்புக் காடு அம்மிணின்னேன். போட்டோவத் திருப்பிக் குடுத்துட்டா.

பால் காய்ச்சற நேரம் சும்மா காலண்டரப் பாத்துக் குறிச்சதில்லீங்க. எங்க ரெண்டு பேரு ஜாதகத்தையும் வெச்சு ஜோசியரு பாத்துக் குடுத்தது. இத உட்டா ஆவணிக்குத்தான்னு கறாராச் சொல்லிட்டாரு. வைகாசி வெயில்ல அத்தனை தூரம் நானே ஓட்டிட்டு வர்றேன்னா, அதுக்குத்தானுங்க. ஒறம்பரைக்கெல்லாம் சொல்லியாச்சு. பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சு. பாலு ஊத்தற மண்சட்டிகூட தம்பி வாங்கி வெச்சிட்டான்.

மூட்டை கட்டுன கதையக் கேட்டீங்கன்னா சிரிப்பீங்க. நான் மில்லுக்காரன், எனக்கு எல்லாம் ஒரு ஒழுங்கா இருக்கோணும். பாத்திரம் ஒரு பொட்டி, துணி ஒரு பொட்டி, சாமி படமெல்லாம் ஒட்டுக்கா ஒரு பொட்டின்னு கட்டிட்டே இருந்தேன். இவ என்ன பண்ணுவா தெரியுங்களா? ஒரு டம்ளரக் கையில எடுத்தான்னா, எடுத்தவ அதையே பாத்துட்டு நிப்பா. ‘இது ரமிலா பென் குடுத்தது.’ ஒரு ஜாடிய எடுப்பா. ‘இதுல ரமிலா பென் மாங்காத் தொக்கு போட்டுக் குடுத்தாங்க.’ ஒரு பழைய கம்பளி. ‘இது பெரியவ பொறந்தப்ப ரமிலா பென்...’ நான் சொன்னேன், அம்மிணி, நீ இப்படிப் பாத்துட்டே இருந்தா லாரி நம்மள உட்டுட்டுப் போயிரும்னு.

ரமிலா பென் யாருன்னா, எதுத்த பிளாட்டுக்காரம்மாங்க. பென்னுன்னா அந்த ஊர்ல அக்கான்னு அர்த்தம், பாயின்னா அண்ணன். யாரப் பாத்தாலும் பென்னுதான், பாயிதான். அதுக்குன்னு எல்லாரும் கூடப்பொறந்தவங்க ஆயிருவாங்களா?

நல்ல பொம்பளைதான், இல்லீன்னு சொல்லல. நான் நைட் ஷிப்ட்டு, டூரு, மிஷின் வாங்கப் போறதுன்னு பாதி நாள் ஊட்டுல இருக்க மாட்டேன். துளசிக்கு அப்ப பாஷை தெரியாது. பால்காரன்கிட்டக்கூட கையக் கையக் காட்டுவா. அந்தம்மாதான் பேசப் பழக்கி உட்டது. பெரியவ பொறக்கறதுக்கு இவளுக்கு வலி வந்தப்ப நான் கோயமுத்தூர்ல இருந்தேன். அந்தம்மாதான் ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போயி, கூடவே இருந்து பாத்துக்கிட்டது. ரெண்டாவது தடவை ஒண்ணு தங்காமப் போச்சுங்க. அப்பவும் அந்தம்மாதான். நான் வந்து சேரறதுக்குள்ள இவ எந்திரிச்சு நடந்துட்டா. அதெல்லாம் செஞ்சாங்க. பக்கத்துல இருக்கறவங்க செய்யறதுதானுங்களே?

ஆனா இவ அதுக்குப் பண்ணுன அலும்பு இருக்குதே! அந்தம்மா வெங்காயம் பூண்டு சேத்தமாட்டாங்க. அதனால நம்ம ஊட்டுலயே தனியா ஒரு சட்டி, தனியா ஒரு கரண்டி. அதுல ஆக்குன சாம்பாரு அங்க போகும். மிச்சமானா எனக்கு வரும். வெங்காயமில்லாத சாம்பார எத்தனை வருசந்தானுங்க திங்கறது? வாயத் தொறக்கல நானு. பொழுதோட ஆச்சுன்னா ரெண்டும் பால்கனியில. அந்தப் பால்கனிக்கும் இந்தப் பால்கனிக்கும் நடுவால ஒரு செவுருதான். செவுத்துமேல ரெண்டு டீ டம்ளரு. அப்படி என்னதான் பேசுவீங்கன்னு கேட்டா, ‘ஒண்ணுமில்லீங்க, சும்மா’ம்பா.

போன மாசம் அந்தம்மாவுக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சுங்க. ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. இவ காலையில ஒரு தரம், பொழுதோட ஒரு தரம் போயிட்டு வந்துட்டிருந்தா. மூட்டை கட்டறதெல்லாம் என்ற தலையில. ஒரு நாள் வந்து கேக்கறா, ‘ஏனுங்க, ஆவணிக்கே வெச்சுக்கலாமுங்களா?’ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. பிளாட்டு கை மாறியாச்சு, லாரிக்குச் சொல்லியாச்சு, ஊரையே கூப்பிட்டாச்சு. ‘பாலக் காய்ச்சிட்டு, அடுத்த வாரமே உன்னைய ரயில் ஏத்தி உடறேன், போயிப் பத்து நாள் இருந்து பாத்துட்டு வா’ன்னேன். தப்புங்களா? நெசமாவே ஏத்தி உட்டிருப்பனுங்க.

சரின்னுட்டா. கெளம்பறதுக்கு மொத நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து சொன்னா, பாலு பொங்கறத போன்ல வீடியோ போட்டுக் காட்டறேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லியிருக்கறாளாமா. அந்தம்மாவும், பாக்காமச் சாக மாட்டேன்னு சிரிச்சாங்களாமா. பாருங்க, என்ன வாய்ச்சொல்லு.

நேத்து வெடியால, நாங்க கெளம்பறோம். இவ குளிச்சிட்டிருக்கறா. இவ போனு அடிக்குது. பாத்தா அந்தம்மா பையன் ஜிக்னேஷ். எடுத்தேன். ‘அங்கிள், மம்மி போயிட்டாங்க. ஆண்டிகிட்டச் சொல்லிருங்க’ன்னான். அழுகறான் பாவம். சொல்லிடறேன் தம்பீன்னு வெச்சுட்டேன்.

நீங்களே சொல்லுங்க. என்ன பண்ணுவீங்க நீங்க? வெளிய நல்ல நேரம் போயிட்டிருக்குது. சாமி படத்தக் கட்டி வண்டியில வெச்சாச்சு. தேங்கா ஒடைக்கறதுக்குக் கீழ வாச்மேன் நிக்கறான். இப்பப் போயி எழவு சேதிய இவ காதுல போட்டா கெளம்புவாளா? ஒரு அழுகை அழுதுட்டு அங்கியே உக்காந்துக்குவா. நம்மளுக்குத் தீட்டில்ல, ஒறம்பரையில்ல, சாதிசனமில்ல. கேட்டாத்தானுங்க துக்கம்? கேக்காம இருந்தா ஒண்ணுமில்ல. பாலு காய்ச்சி, வெளக்கு வெச்சு, நாலு பேரு சாப்பிட்டுப் போனதுக்கப்பறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு முடிவு பண்ணுனேன். அவ போன அணைச்சு, டிக்கியில துணிப் பொட்டிக்குள்ள, அடியில போட்டு வெச்சுட்டேன். போனக் காணோமேன்னு தேடுனா. லாரியில போயிருக்கும், எங்க போயிரப் போகுதுன்னேன்.

எறங்கறப்ப எதுத்த கதவப் பாத்து நின்னா. பூட்டியிருந்துச்சு. ‘போற வழிதானுங்க ஆஸ்பத்திரி, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிரலாமா?’ன்னா. இந்நேரத்துக்கு உள்ள உட மாட்டாங்க அம்மிணின்னேன். அதுவும் பொய்யில்லீங்க. உட மாட்டாங்கதான்.

ஊரத் தாண்டறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டா. ‘ஏனுங்க, உங்க போன்ல ஒரு போன் போடலாமா?’ மேப் ஓடுது, எடுக்காதேன்னேன். சித்த நேரங் கழிச்சு மறுக்கா. சித்த நேரங் கழிச்சு மறுக்கா. கடசீல ஒரு எடத்துல வண்டிய நிறுத்தி, அக்கட்டால போயி, பேசறாப்பல பேசிட்டு வந்து சொன்னேன். ‘ஜிக்னேஷ்கிட்டப் பேசிட்டேன். நல்லா இருக்கறாங்களாமா. காலையில கஞ்சி குடிச்சாங்களாமா’ன்னு. கஞ்சி குடிச்சாங்கன்னு சொன்னேன் பாருங்க, அதுதான் சூட்சுமம். சும்மா நல்லா இருக்கறாங்கன்னா நம்ப மாட்டா. அவ மொகத்த நீங்க பாத்திருக்கோணும்! அப்படியே பூத்துப் போச்சு. பையில இருந்து முறுக்க எடுத்துத் தின்னுட்டு, சின்னவ சின்னப் புள்ளையில பண்ணுன குறும்பெல்லாம் சொல்லிட்டே வந்தா. அந்தச் சந்தோசத்த நாந்தானுங்களே குடுத்தேன்?

சூரத்துக்கிட்ட ஒரு பெட்ரோல் பங்க்கு. பாத்ரூம் போறேன்னு போனா. நெம்ப நேரமா ஆளக் காணோம். போயிப் பாத்தா அங்க ஒரு குஜராத்திக்காரம்மா இவ தோளத் தொட்டு என்னமோ சொல்லிட்டிருக்குது. இவதான் யாரக் கண்டாலும் பேசுவாளே. வந்து வண்டியில உக்காந்தா, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. என்ன அம்மிணின்னேன். ‘பெட்ரோல் நெடி’ன்னா.

அப்பறம் பாருங்க, ரமிலா பென்னப் பத்தி ஒரு பேச்சில்ல. கேக்கறதையே நிறுத்திட்டா. கஞ்சி குடிச்ச சேதி வேலை செஞ்சுருச்சுன்னு நானும் நிம்மதியா ஓட்டுனேன்.

ஆனா மொகம் கொடுத்துப் பேசறதில்லீங்க. அதுதான் எனக்கு வெசனமா இருக்குது. புனாவுல ரூம் போட்டுத் தங்குனோம். போனவொடனே தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டா. அந்நேரத்துல எதுக்குன்னு கேட்டேன். ‘கசகசன்னு இருக்குது’ன்னா. சாப்பிட வான்னா பசியில்லன்னா. பையப் பிரிச்சு, அடியில இருந்த வெள்ளைச் சீலைய எடுத்து மேல வெச்சிருந்தா. அந்த ஊர்ல பெஸ்ணான்னு ஒண்ணு வெப்பாங்க, துக்கங் கேக்கறது. அதுக்குப் பொம்பளைங்கெல்லாம் வெள்ளை உடுத்திட்டுப் போவாங்க. அதுக்குன்னு வாங்குன சீலைங்க அது. ‘நல்ல காரியத்துக்குப் போறப்ப அத எதுக்கு அம்மிணி மேல எடுத்து வெக்கற?’ன்னேன். ‘கசங்கிரும்’னா. பொம்பளைகளுக்குச் சீலை கசங்குனா வெசனம்.

இன்னிக்குக் காலையில கோலாப்பூரத் தாண்டறப்ப, தானாத் திரும்பி எம்மொகத்தப் பாத்தா. ‘எங்கிட்டச் சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?’ன்னு கேட்டா. என்ன திடீர்னு? ‘டீ குடிக்கலாமா?’ன்னேன்.  ஹூப்ளி வந்தப்ப இன்னொன்னு கேட்டா. ‘ரமிலா பென் கஞ்சி குடிச்சாங்கன்னீங்களே, என்ன கஞ்சிங்க?’ நல்லவேளை, நான் மாட்டிக்கல. டக்குனு ரவைக் கஞ்சின்னு சொல்லிட்டேன். அதுக்கு, ‘அப்படிங்களா’ன்னா. அவ்வளவுதான். சன்னல்பக்கம் திரும்புனவ இங்க வந்து எறங்கற வரைக்கும் திரும்பல.

இங்க எறங்குன வேகத்துக்கு உங்க ஊட்டு அம்மாகிட்டப் போயி நின்னுட்டா பாருங்க. எனக்குப் பக்குனு ஆயிருச்சு. போனு கேக்கறதுக்குத்தான். வேற எதுக்குங்க? அதுதான் ஓடியாந்தேன். சித்தக் கூப்பிட்டுச் சொல்லிப்போடுங்க. புண்ணியமாப் போகும்.

என்னங்க?

போனு கேக்கலீங்களா? அப்பாடா. அப்பறம் என்னத்தப் பேசறா இத்தனை நேரம்?

என்னங்க சொல்றீங்க?

எடமா? உங்க வண்டியிலயா? நீங்க எங்க, இப்படிக்கா ஈரோட்டுக்குத்தானுங்களே... ஓ, நீங்க புனாவுக்குப் போறீங்களா. மக ஊட்டுக்கு. சரிங்க. புனா வரைக்கும் ஒரு எடம் குடுங்கன்னு கேட்டாளா. அங்கிருந்து ரயிலப் புடிச்சுப் போயிருவாளாமா. நாளைக்குப் பொழுதோட பெஸ்ணாவாமா. ‘எங்க அக்கா போயிருச்சு’ன்னு சொன்னாளா. அக்கான்னா சொன்னா?

இது எப்பங்க நடந்தது? நான் வந்து உக்கார்றதுக்கு முன்னாடியேவா? நான் கல்லாவுல நின்னு டீக்குச் சொல்லிட்டிருந்தப்பவா? அப்ப எல்லாந் தெரிஞ்சுட்டேதான் இத்தனை நேரம் எம்பேச்சக் கேட்டுட்டு உக்காந்திருந்தீங்களா? நல்ல ஆளுங்க நீங்க.

சூரத்துலயே தெரிஞ்சுருச்சுங்களா அவளுக்கு.

அந்தக் குஜராத்திக்காரம்மா போன்லயா. நம்பரு? அந்த நம்பரெல்லாம் அவளுக்கு மனப்பாடமுங்க. என்ற நம்பரு தெரியாது அவளுக்கு, கேட்டுப் பாருங்க. அப்ப சூரத்துல இருந்து எல்லாந் தெரிஞ்சுட்டேவா பக்கத்துல உக்காந்துட்டு வந்தா? அந்தக் கஞ்சி... ரவைக் கஞ்சின்னு நான் சொல்றப்ப...

எதுக்கு இத்தனை தூரம் வரோணும்? சூரத்துலயே எறங்கியிருக்கலாமில்ல?

நான் சொல்லுவேன்னு பாத்தாளாமா. அப்படியா சொன்னா உங்க ஊட்டு அம்மாகிட்ட? தானாச் சொல்லட்டும்னு வந்தாளாமா. ஒரு தடவ வாய்விட்டுக்கூடக் கேட்டுப் பாத்தேன்னு சொன்னாளா.

இல்லீங்க, இதென்ன நாயம்? ஊரு ஒறம்பரையெல்லாம் வந்து நிக்கும். ஊட்டுப் பொம்பளை இல்லாம யாருங்க பாலு காய்ச்சறது? தம்பி பொண்டாட்டியையா காய்ச்சச் சொல்றது? ஜோசியரு எங்கிட்ட என்னன்னு கேப்பாரு? எங்க உம்பட சம்சாரம்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? எதுத்த ஊட்டுக்காரி செத்ததுக்கு, பாதி வழியில ஆரு எவருன்னு தெரியாத வண்டியில ஏறிப் போயிட்டான்னா? கோவிச்சுக்காதீங்க, உங்களச் சொல்லல. நல்லவங்கதான் நீங்க. என்னமோ வருது வாயில.

நாலு பேரு சிரிப்பாங்கங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும். 

எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்லீங்க. வண்டி நம்மளுது, ஓட்டறது நானு. வண்டியத் திருப்புங்கன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. வழியில பாத்தவங்ககிட்ட எடம் கேட்டு நிக்கறதுக்கு, கட்டுன புருசங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?

என்னங்க?

கேட்டிருந்தா திருப்பியிருப்பீங்களான்னா?

இல்லீங்க. திருப்பியிருக்க மாட்டனுங்க. பாலு காய்ச்சட்டும் அம்மிணின்னுதான் சொல்லியிருப்பேன்.

அதா, வர்றாளுங்க. பையக்கூட எடுத்துட்டா. எந்நேரத்துல எடுத்தான்னே தெரியல. வண்டிக்கு அந்தப் பக்கமாச் சுத்திட்டு வர்றா, எம்பக்கமா வந்தாப் பாக்கோணுமேன்னு. கூப்பிட வேண்டாம். இருங்க, கூப்பிட வேண்டாமுங்க.

ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு. அவளப் பின்னாடி உக்கார வெச்சறாதீங்க. ஒமட்டும். கொஞ்ச தூரம் போனாலே தலையப் புடிச்சுக்குவா, வாய் தொறந்து சொல்ல மாட்டா. உங்க ஊட்டு அம்மா பெரிய மனசு பண்ணுனாங்கன்னா முன்னாடி சன்னலோரமா உக்கார வெய்யுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க.